மெமரியில் மிராசு

காஞ்சிபுரத்தில் பட்டை நம்பிப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டு முதலாளிகளின் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்பதை நம்பிப் பிழைத்தவர்கள் சிலர்தான். அதில் நானும் ஒருவன். தொண்ணூறுகளின் நடுவில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் சைக்கிளில் போவேன். ஹேண்டில்பாரில் தொங்கும் ரெக்ஸின் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு, நாலைந்து ஃப்ளாப்பி. காலையில் தெருநீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். இறங்கி, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பாவில் பெடல் பட்டுவிட்டால் கம்ப்யூட்டர்காரர் என்ற மரியாதை அரை நிமிஷம்கூடத் தாங்காது.

மரியாதை இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. கூப்பிட்ட வீட்டில் எனக்குத் தனி நாற்காலி போடுவார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருப்பவர் நாடாவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். பித்தளை டம்ளரில், டபராவோடு, காபி வரும். இன்று அக்கா பையன் அதே பிள்ளையார்பாளையத்தில் டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறான். அங்கே போனால் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு, "மாமா, அந்த ஒயரை மிதிச்சிடாதீங்க."

பித்தளை டம்ளரிலிருந்து ஒயர் வரைக்கும் வந்த இந்தச் சரிவுக்கு மூல காரணத்தைத் தேடினால் அது 384 கே.பி.யில் போய் முடிகிறது.

1981-ல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டது. அதில் இருந்த இன்டெல் 8088 சிப்புக்கு முகவரிக் கம்பிகள் இருபது. இருபது கம்பியை வைத்துக்கொண்டு 10,48,576 பைட்டுகளைத்தான் எட்ட முடியும், அதாவது ஒரே ஒரு எம்.பி. கீழே உள்ள 640 கே.பி.யைப் புரோகிராம்களுக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள 384 கே.பி.யை மெஷினின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஏ000, பி000 என்று தொடங்கும் முகவரிகள் திரைக்கு. சி000 வீடியோ கார்டின் ரோமுக்கு. உச்சியில் எஃப்000 பயாஸுக்கு. நடுவில் டி000, ஈ000 பக்கம், நாம் வாங்கிச் செருகும் கார்டுகள் வந்து தங்கிக்கொள்ளலாம். இந்த முகவரிகளில் எழுதினால் அது ராமுக்குப் போகாது, கார்டுக்குள் போகும். ஏ000-வில் ஒரு பைட் எழுதினால் திரையில் புள்ளி தெரியும். கார்டுக்கு ராம் வேஷம் கட்டி உட்காரவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புரியவைக்கச் சிரமமே படவேண்டியதில்லை. முதல் தீர்த்தம் யாருக்கு, வரதராஜப் பெருமாளுக்கு முன்னால் எந்தக் கோஷ்டி பிரபந்தம் சேவிப்பது என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு ஏறிய ஊர் இது. பயாஸுக்கும் வீடியோ கார்டுக்கும் மேல் மெமரியில் மிராசு உண்டு என்றால் உடனே தலையாட்டிவிடுவார்கள். புதிதாக வந்த டிரைவர் அந்த இடத்தில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் நான் சொல்லவேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வந்தது என்றால், 486 வந்து மெஷினில் 4 எம்.பி., 8 எம்.பி. ராம் ஏறிய பிறகும் டாஸ் அந்த 640-க்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. டிசைன் மென்பொருள் தனக்கு அதில் ஏறக்குறைய முழுசும் வேண்டும் என்று அடம்பிடிக்கும். மவுஸ் டிரைவர், ஸ்கேனர் டிரைவர், டிஸ்க் கேஷ் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துக்கொள்ளும். 1991-ல் வந்த எம்.எஸ். டாஸ் 5 இதற்கு ஒரு வழி சொன்னது. ஹைமெம்.சிஸ், ஈ.எம்.எம்.386 என்று இரண்டு பேரை கான்ஃபிக்.சிஸ் கோப்பில் சேர்த்துவிட்டால், மேலே ஒதுக்கப்பட்ட 384 கே.பி.யில் ஆள் இல்லாத இடைவெளிகளைத் தேடிப் பிடித்து, அங்கே கூடுதல் ராமைக் கொண்டுபோய் ஒட்டி, டிரைவர்களை மாடிக்கு அனுப்பிவிடலாம். கீழே இடம் விசாலமாகும். 1993-ல் டாஸ் 6 வந்தபோது இதைத் தானே செய்துகொள்ள மெம்மேக்கர் என்று ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது செய்து வைத்ததைச் சரிசெய்யக் கூப்பிட்டதில்தான் என் தொழில் நடந்தது.

ஒரு கேஸை மட்டும் சொல்கிறேன். ஒரு முதலாளி வீட்டில் அட்டை குத்தும் மெஷின் வாங்கிவிட்டார்கள். அதுவரை கிராஃப் பேப்பரில் டிசைன் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து, ஜக்கார்டு பெட்டிக்கான அட்டையைக் கையால் குத்துவார்கள். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. முந்தியில் பெரிய மயில் ஒன்று தோகை விரித்தால் அட்டைகள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். இப்போது மயிலை ஸ்கேன் செய்து, திரையில் திருத்தி, பட்டனைத் தட்டினால் மெஷினே குத்தித் தள்ளும். வேடிக்கையைப் பாருங்கள். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு தறிக்குப் போட்ட ஓட்டை அட்டையைப் பின்னால் வந்த கணக்கு மெஷின்கள் கடன் வாங்கின. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையே ஹாலரித் ஓட்டை அட்டையில்தான் எண்ணினார். நூறு வருஷம் கழித்து, ஃப்ளாப்பிக்கு மாறிவிட்ட கம்ப்யூட்டர் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து தறிக்கு அட்டை குத்திக் கொடுத்தது. வட்டியோடு அடைத்த கடன்.

கொடுத்த முதல் நாளே தகராறு. அன்னப்பட்சி வரவேண்டிய அட்டைகள் சல்லடையாக வந்தன. எந்த அட்டையிலும் எந்த ஒழுங்கும் இல்லை. முதலாளி முதலில் கரண்ட்டைச் சந்தேகப்பட்டார், அப்புறம் எதிர்வீட்டுக்காரரின் கண்ணை. மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று. முகூர்த்தச் சேலை ஆர்டர், தேதி நெருங்குகிறது. நான் போனபோது டிசைன் போடும் அண்ணன் சலிப்போடு இன்னொன்றும் சொன்னார்: "அட்டை குத்த ஆரம்பிச்சா மவுஸ் வேற செத்துப் போவுது தம்பி."

அட்டை மெஷினுக்கும் மவுஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டும் ஒரே நேரத்தில் கெடுகின்றன என்றால் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்று அர்த்தம். என் ஃப்ளாப்பியைப் போட்டு, ஈ.எம்.எம்.386 இல்லாத வெறும் டாஸில் மெஷினைக் கிளப்பினேன். ஒரு சின்னப் பூவைக் குத்தச் சொன்னேன். பூ பூவாகவே வந்தது. பிறகு மெஷினைப் பழையபடியே கிளப்பி, எம்.எஸ்.டி. என்ற சோதனைப் புரோகிராமை ஓட்டி மேல் மெமரியின் படத்தைப் பார்த்தேன். டி000-வில் மவுஸ் டிரைவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து அட்டை மெஷினின் கார்டைக் கழற்றிப் பார்த்தால், அதன் முகவரியைத் தீர்மானிக்கும் ஜம்பரும் டி000-வில். உடன் வந்த விளக்கத்தாள் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். முகவரி இருந்த வரி மட்டும் பார்த்து வைத்ததுபோல் அழிந்திருந்தது.

நடந்தது இதுதான். மெஷின் கிளம்பும்போது ஈ.எம்.எம்.386 மேல் மெமரியை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கே ரோம் இருக்கிறது, எங்கே கார்டு பதில் சொல்கிறது என்று பார்க்கும். அட்டை மெஷினின் கார்டோ தன் 16 கே.பி. முகவரிச் சாளரத்தைச் சாத்தியே வைத்திருக்கும், புரோகிராம் கேட்டால்தான் திறக்கும். தட்டிப் பார்த்தவனுக்குப் பதில் வரவில்லை. காலி இடம் என்று எழுதிக்கொண்டு அங்கே ராமைப் போர்த்தி, மவுஸ் டிரைவரைக் குடியேற்றிவிட்டது. பிறகு டிசைன் மென்பொருள் வந்து அன்னப்பட்சியை டி000-வில் எழுதுகிறது. எழுதினது கார்டுக்குப் போகவில்லை, மேலே போர்த்திய ராமில் விழுந்தது. மவுஸ் டிரைவரின் தலைமேல் அன்னப்பட்சி. மவுஸ் அங்கேயே காலி. கார்டுக்கோ ஒன்றுமே வந்து சேரவில்லை. கரண்ட் கொடுத்தபோது அதன் மெமரியில் என்ன குப்பை இருந்ததோ அதை விசுவாசமாக அட்டையில் குத்திக்கொண்டிருந்தது.

மருந்து ஒரே வரி. ஈ.எம்.எம்.386 வரியின் கடைசியில் எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப் என்று சேர்த்தேன். இந்த 16 கே.பி. பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று அர்த்தம். மறுபடி கிளப்பினால் மவுஸ் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டது, அட்டை மெஷின் தயார். ஆனால் மாடியில் 16 கே.பி. குறைந்ததால் ஸ்கேனர் டிரைவருக்கு இடமில்லாமல் அது கீழே இறங்கிவிட்டது. கீழே இடம் போதாமல் டிசைன் மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்றது. இந்த மாதிரிச் சமயத்துக்கென்று ஒரு பூர்வீக வீடு உண்டு. பி000 முதல் பி7எஃப்எஃப் வரை 32 கே.பி., கறுப்பு வெள்ளைத் திரைக்காக ஒதுக்கியது. கலர் மானிட்டர் வந்த பிறகு அங்கே யாரும் இல்லை. ஐ=பி000-பி7எஃப்எஃப் என்று இன்னொரு துண்டைச் சேர்த்து ஸ்கேனரை அங்கே ஏற்றினேன். எல்லாருக்கும் இடம் கிடைத்தது.

"என்னப்பா பண்ணே?" என்றார் முதலாளி.

"அட்டை மெஷினுக்கு ஒதுக்கின இடத்துல மவுஸ் குடியிருந்துது ஐயா. காலி பண்ணிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒதுக்குனா மட்டும் ஆயிடுமா? கைத்தறிக்குன்னு பட்டுப்புடவைய சட்டம் போட்டு ஒதுக்குனான். விசைத்தறில ஓட்டிக்கினுதானே இருக்கான்?" 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தைச் சொல்கிறார். எக்ஸ் போட்டு ஒரு வரி சேர்த்துவிட்டால் விசைத்தறி நகர்ந்துவிடாது என்பதால் நான் காபியைக் குடித்தேன். இந்த ஒதுக்கீட்டுச் சண்டையில் என்னைவிட அவருக்கு அனுபவம் அதிகம்.

இதைவிட விநோதங்கள் உண்டு. 1984-ல் வந்த பி.சி. ஏ.டி.யில் இருந்த 80286 சிப்பால் ஒரு எம்.பி.யைத் தாண்ட முடியும். பழைய புரோகிராம்கள் சில அப்படித் தாண்டினால் குழம்பும் என்பதற்காக, இருபத்தோராவது கம்பிக்கு ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவின் சாவியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கீபோர்டைக் கவனிக்கும் சிப்பில் ஒரு கால் சும்மா இருந்ததாம், அதில். மெமரி வேண்டுமென்றால் கீபோர்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். எந்த அரசாங்க அலுவலகத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியமே வந்திருக்காது. ஹைமெம்.சிஸ் தினமும் காலையில் செய்த முதல் வேலை இந்த விண்ணப்பம்தான்.

1995-ல் விண்டோஸ் 95 வந்து என் நாற்காலியை லேசாக ஆட்டியது. பி.சி.ஐ. கார்டுகளில் ஜம்பரே இல்லை. கார்டு தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் சொல்லும். எங்கே என்பதை பயாஸும் விண்டோஸும் பேசி முடிவுசெய்து கார்டிடம் சொல்லிவிடும். பேச்சு முறிந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி வரும். அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். காபி எவர்சில்வருக்கு மாறியிருந்தது.

என் தொழிலுக்கு ஒரு கடைசி மகிமை விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் வந்தது. காந்தி ரோடு பக்கம் கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு மெஷினில் நாலு ஜி.பி. ராம் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் அதை 3.25 ஜி.பி. என்று காட்டியது. காஞ்சிபுரத்தில் பட்டையும் ஜரிகையையும் நெசவாளியிடம் எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள், புடவை வந்ததும் எடைபோட்டுத்தான் வாங்குவார்கள். கழிவுக்கு ஒரு கணக்கு, அதற்கு மேல் ஒரு கிராம் குறைந்தாலும் கேள்வி. அப்படிப்பட்டவரிடம் போய் முக்கால் ஜி.பி. குறைகிறது.

"நாலு ஜி.பி.க்குக் காசு வாங்கின. முக்கால் எங்க?"

"மேல் முகவரிய வீடியோ கார்டு எடுத்துக்கிச்சுங்க."

"அதுக்குத் தனியா காசு வாங்கினல்ல?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. முப்பத்திரண்டு கம்பியில் 429 கோடிச் சொச்சம் முகவரிகள்தான், அதாவது நாலு ஜி.பி. வீடியோ கார்டு, சவுண்ட், நெட்வொர்க், பயாஸ் எல்லாம் தங்கள் சாளரங்களை அந்த நாலின் உச்சியில் வைத்துக்கொள்கின்றன. அதே முகவரியில் உள்ள ராம் பெட்டிக்குள் இருக்கும், ஆனால் கூப்பிட முடியாது. அந்த ராமை நாலுக்கு மேல் நகர்த்தி வைக்கச் சிப்புகளுக்குத் தெரியும். 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2 முதல் எக்ஸ்.பி. தான் நாலுக்கு மேல் ஏறுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டது. ஏனென்றால் சாதா மெஷின்களுக்காக எழுதப்பட்ட டிரைவர்கள் பல, நாலுக்கு மேல் ஒரு முகவரியைக் கண்டாலே மெஷினைக் கவிழ்த்துவிட்டன. டிரைவர்கள் செய்த தப்புக்குக் கழிவு முதலாளியின் கணக்கில். இதை அவரிடம் முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, கூலியில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். எடைக் குறைவுக்கு.

இனி இன்றைய நிலவரம். அக்கா பையனின் ஆபீஸில் அட்டை கிடையாது. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறிகளுக்கு டிசைனைப் பென் டிரைவில் கொடுக்கிறான். எந்தக் கொக்கியைத் தூக்கவேண்டும் என்பதை மின்காந்தம் பார்த்துக்கொள்கிறது. மத்திய அரசின் மீடியா லேப் ஆசியா உருவாக்கிய டிஜிபுனாய் என்ற இலவச நெசவு மென்பொருளையும் வைத்திருக்கிறான். மெஷினில் 32 ஜி.பி. ராம். அது 31.8 பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது. காணாமல் போன அந்த 0.2-க்குள் என் பழைய 640 கே.பி.யை முந்நூறு தடவைக்கு மேல் அடுக்கலாம். ஒருவரும் எடைபோட்டுக் கேட்பதில்லை.

போன வருஷம் ஏ.ஐ.யில் டிசைன் போட்டுப் பார்க்கலாம் என்று 16 ஜி.பி. மெமரி உள்ள பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து, இருந்த கார்டுக்குப் பக்கத்தில் செருகினான். மஞ்சள் ஆச்சரியக்குறி. கோட் 12. இந்தச் சாதனம் இயங்கப் போதிய வளங்கள் இல்லை என்று அர்த்தம். நான் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தேன். பழைய குதிரைக்குப் பேண்டு சத்தம் கேட்டதும் காது விறைக்குமே, அதே நிலைமை. நான் எழுந்து கண்ணாடியைத் துடைப்பதற்குள் அவன் யூடியூபில் ஒரு பையனைப் பார்த்து, பயாஸுக்குள் போய் அபவ் 4ஜி டிகோடிங் என்று ஒன்றை ஆன் செய்து, மெஷினைக் கிளப்பிவிட்டான். கார்டு ஓடியது.

"அது என்ன பண்ணுதுன்னு தெரியுமாடா?"

"தெரியாது மாமா. ஆன் பண்ணா ஓடுது."

விடவில்லை. நாலு ஜி.பி.க்குக் கீழே உள்ள சாளர வரிசையில் பழைய மிராசுதாரர்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பதையும், இரண்டாவது கார்டு கேட்ட அகலத்துக்கு அங்கே இடைவெளி இல்லாததையும், அந்த ஒரு பட்டன் பெரிய கார்டுகளின் சாளரங்களை நாலுக்கு மேலே உள்ள பொட்டல் வெளிக்கு அனுப்பிவிட்டதையும் விலாவாரியாகச் சொன்னேன். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து, வளங்களை வகைவாரியாகப் பார்க்கும் பட்டியலில் மெமரியைக் காட்டினேன். முதல் வரியிலேயே ஏ0000 முதல் பிஎஃப்எஃப்எஃப்எஃப் வரை திரைக்கு ஒதுக்கிய அதே பழைய இடம். அக்கா பையன் மரியாதையாகப் பார்த்துவிட்டு, பேப்பர் கப்பில் காபி வரவழைத்தான்.

1979-ல் வரதராஜப் பெருமாள் கோயில் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் போனபோது இன்டெல் 8086 வந்து ஒரு வருஷம். பி.சி.யே பிறக்கவில்லை. 2019 ஜூலையில் அவர் மேலே வந்து, 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அவர் தண்ணீருக்குள் இருந்த காலத்தில் போட்ட ஏ0000 கோடு, அவர் வந்தபோதும் அழியவில்லை, போனபோதும் அழியவில்லை. ஊரில் இந்த நாற்பது வருஷத்தில் இவ்வளவு பிடிவாதமாக நின்ற வேறொன்றை எனக்குத் தெரியாது.

கோடு நின்றது, கோட்டுக்குக் கீழே இருந்த நிலம்தான் கைமாறிவிட்டது. 2021-ல் வந்த லினக்ஸ் 5.13-ல், முதல் ஒரு எம்.பி.யை முழுக்க ஒதுக்கி வைத்துவிடுவது என்று முடிவுசெய்துவிட்டார்கள். பல பயாஸ்கள் அங்கே சொல்லாமல் கொள்ளாமல் எழுதிவிட்டுப் போகின்றன; எது எங்கே எழுதும் என்று பட்டியல் போட்டு மாளாது; மொத்தமாக விட்டுவிட்டால் நிம்மதி என்பது அவர்கள் கணக்கு. சரியான கணக்குதான். 16 கே.பி.க்காக நான் அரைநாள் பஞ்சாயத்து பண்ணிய பூமியை அப்படியே தாரை வார்த்தாயிற்று. 32 ஜி.பி. உள்ள வீட்டில் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் ஊரில் அட்டை போட்டு ஓடும் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன, அவற்றுக்கு அட்டை குத்தும் பழைய மெஷினும் இருக்கிறது. அதன் கார்டுக்கு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் வேண்டும். புது மதர்போர்டுகளில் அது கிடையாது. ரிச்சி தெருவில் கேட்டால் சிரிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பென்டியம் காலத்துப் பெட்டி ஏதாவது கிடந்தால், உள்ளே நீளமான கறுப்பு ஸ்லாட் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்வோம். ஜம்பர்களை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.